எழுநூறு பிக்சல் காலி மனை

சினியாவின் ஊரில் நூறு மீட்டர் என்றால் நூறு மீட்டர் இல்லை. ஒரு முக்கிலிருந்து அடுத்த முக்கு வரை எவ்வளவு தூரமோ, அதுதான் நூறு மீட்டர். நாலு எட்டில் முடிந்தாலும் நூறு, நடந்து நடந்து கால் ஓய்ந்தாலும் நூறு. கோஸ்டா ரிக்காவில் பிறந்த ஒருவருக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை. தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் நகராட்சி எப்போதோ கொடுத்துவிட்டது. அந்த எண்ணைக் கேட்டால் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டு வந்து, அவளுக்கும் தெரியவில்லை என்பார். விலாசம் என்றால் 'பழைய ஐஸ் ஃபாக்டரியிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், இடது கைப் பக்கம், பச்சை கேட்' என்று இருக்க வேண்டும். அந்த ஐஸ் ஃபாக்டரியை இடித்து நாற்பது வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் நிற்கிற சூப்பர் மார்க்கெட்டே தன் ரசீதில் 'பழைய ஐஸ் ஃபாக்டரி இருந்த இடம்' என்றுதான் அச்சடித்திருக்கிறது.

அந்த ஐஸ் ஃபாக்டரித் தெருவில்தான் சினியா பிறந்து வளர்ந்தாள். தலைநகரத்தை ஒட்டிய திபாஸில், கோயில் மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை இறங்குகிற தெரு. நாற்பத்தொரு வீடு. தொண்ணூற்றைந்தில் ஒரு கட்டட கம்பெனி மொத்தத்தையும் வாங்கி அடுக்குமாடி எழுப்பியது. தெருக்காரர்கள் மூலைக்கு ஒருவராகப் போனார்கள். இருபத்து நாலு வருஷம் கழித்து, இந்த ஜூலையில், யாருக்கோ எல்லாரும் ஒரு நாள் கூடினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம், ஆளுக்கு ஒரு பண்டம். எல்லாருக்கும் தகவல் போக ஒரு வெப் பக்கம் வேண்டும். "நமக்குத்தான் சினியா இருக்காளே" என்றார்கள்.

சினியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. முதலில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தாள், பிறகு இருபது வருஷமாக வெப் பக்கம். பக்கத்தில் எழுத்தும் படமும் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இடைவெளி விடத்தான் ஆள் கிடையாது என்பது அவள் கட்சி. பெரிய திரையில் ஓரத்தில் ஒரு சாண் விட்டால் அழகாக இருக்கும். அதே ஒரு சாணைப் போனில் விட்டால் நடுவில் எழுத்துக்கு நிற்க இடம் இருக்காது, ஒரு வரிக்கு ஒரு வார்த்தை என்று கயிற்றில் காயப்போட்ட சாக்ஸ் மாதிரி தொங்கும். அதனால் அவள் இடைவெளிக்கு நிலையான அளவு கொடுக்க மாட்டாள். திரையின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு என்பாள், பத்தில் ஒரு பங்கு என்பாள். திரை சுருங்கினால் இடைவெளியும் சுருங்கும், விரிந்தால் விரியும். ஓரத்துக்குப் பிக்சல் கணக்கு, அதாவது திரைப்புள்ளிக் கணக்கு, எழுதிக்கொண்டு வருகிறவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை.

அப்படிப்பட்டவள்தான் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பிடிவாதமாக எழுநூறு பிக்சல் என்று எழுதினாள்.

பக்கம் ரொம்ப எளிமை. மேலே ஐஸ் ஃபாக்டரி. அதற்குக் கீழே வீடு வீடாகப் படம், படத்தின் கீழ் அங்கே இருந்தவர்களின் பெயர். திரையைக் கீழே தள்ளத் தள்ள, தெருவில் இறங்கி நடக்கிற மாதிரி இருக்கும். பத்தொன்பது வீடு தாண்டினால் காலி மனை வரும். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வீடு, கடைசியில் ஆறு.

காலி மனையை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. யார் எடுப்பார்கள்? படம் எடுத்தது ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும். புல் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அது யார் வீட்டுப் புல்லோ. தூக்கிவிட்டாள். வெறும் வெள்ளையாக விட்டாள். அவளுடைய பெரிய திரையில் எழுநூறு பிக்சல் பாதித் திரைக்கு வந்தது. மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, நடுவில் ஒன்றுமில்லை. அப்படித்தான் இருந்தது. ஒரு பிக்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தக் காலி மனையில்தான் தெருவே வாழ்ந்தது. நாலு கல்லை வைத்து இரண்டு கோல் போஸ்ட், ஆளுக்கு ஒரு கணக்கு, இருட்டும்வரை பந்து. மதியம் இரண்டு மணிக்கு மழை கொட்டும். எல்லாரும் ஓரத்தில் இருந்த ஒற்றைக் கொய்யா மரத்தடியில் ஒண்டி நின்று நனைவார்கள். மழை விட்டதும் சேற்றில் மறுபடி பந்து. நாலு மணிக்கு ஐஸ் ஃபாக்டரிச் சங்கு ஊதும். வீட்டுக்கு வீடு துணி வடிகட்டியில் காப்பி இறங்கும் மணம் தெருவில் நிற்கும். மனைக்கு மேலே இருந்தவர்கள் மேல்பக்கத்தார், கோயிலுக்குக் கிட்ட, கொஞ்சம் மிதப்பு. கீழே இருந்தவர்கள் கீழ்ப்பக்கத்தார், ஆற்றில் வெள்ளம் வந்தால் கட்டிலைத் தூக்கிப் பரணில் வைக்கிறவர்கள். பந்து விளையாடும்போது மட்டும் இந்த வித்தியாசம் கிடையாது. மற்ற நேரமெல்லாம் உண்டு.

மேல்பக்கத்துக் கடைசி வீடு சினியாவுடையது. கீழ்ப்பக்கத்து முதல் வீடு கிரெட்டலுடையது. நடுவில் காலி மனை.

கிரெட்டல் காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே வாசலுக்கு வந்து கத்துவாள்: "வர்றியா, நான் வரவா?" சினியா, "நான் வர்றேன்" என்றால் அவள் மனையைக் கடந்து போக வேண்டும். "நீ வா" என்றால் கிரெட்டல் வருவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பள்ளிக்கூடத்துக்கு, ஜெபத்துக்கு, தலை வார, அழ. கிரெட்டலின் அம்மா டோனா ஃப்ளோரி, "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு டெலிபோன் போட்டுக் கொடுங்கப்பா, காது கிழியுது" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

கிரெட்டலோடு பேசி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வெப் பக்கத்தைச் சினியா யாருக்காகச் செய்தாள் என்று தெருக்காரர்களுக்குத் தெரியாது. நாற்பத்தொரு வீட்டையும் போட்டது ஒரு வீட்டுக்காக. கிரெட்டல் பக்கத்தைத் திறப்பாள், நடந்து வருவாள், காலி மனையைக் கடந்து தன் வீட்டைப் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். வராவிட்டால், இனி வேறு சாக்கு எதுவும் கிடைக்காது என்று சினியாவுக்கு நன்றாகத் தெரியும்.

சண்டை என்றும் சொல்ல முடியாது. தொண்ணூற்றாறில் டோனா ஃப்ளோரி இறந்துபோனாள். தெரு கலைந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கிரெட்டல் குடும்பம் பக்கத்து ஊரான மொராவியாவில் புது இடத்துக்குப் போயிருந்தது, டெலிபோன் இணைப்பு இன்னும் வரவில்லை. அடக்கத்தன்று சினியா காய்ச்சலில் கிடந்தாள். இறந்தவருக்காக ஒன்பது நாள் நடக்கிற ஜெபத்தின் கடைசி நாளுக்காவது போய்விட வேண்டும் என்று கிளம்பினாள். யார் மூலமாகவோ ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் வந்திருந்தது: 'மொராவியா, பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து தெற்கே முந்நூறு மீட்டர்.' பட்டை போட்டு அரிசிப் பாயசம் காய்ச்சி, பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்து, வெள்ளை டாட்சன் காரை ஓட்டிக்கொண்டு போனாள். கொட்டுகிற மழை. முந்நூறு மீட்டரில் வீடே இல்லை. ஒரு காப்பித் தோட்டத்து மதில்தான் இருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

தப்பான விலாசம் கொடுத்துவிட்டார்களே என்று முதல் நாள் கோபம். அடுத்த நாள் வெட்கம். நாளைக்குப் போகலாம் என்றாள். நாளை வாரமாயிற்று. போகாதவள் இனி எந்த முகத்தோடு போவாள்? கிரெட்டலும் தேடி வரவில்லை. அவளுக்கு டெலிபோன் வந்த பிறகும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் தப்பு விலாசம் கொடுத்தாளோ என்றுகூடச் சினியா நினைத்தாள். இப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது.

புதன்கிழமை காலை தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டாள். பத்து நிமிஷத்தில் மேல்பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். இதயம், அழுகிற முகம், கை கூப்பு. "எங்க வீட்டு ஜன்னல் பாரு!" "அது எங்க நாய்!" என்று ஒரே அமளி. கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம் இல்லை, சாயந்திரம் இல்லை. வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சினியா தன்னைத் தேற்றிக்கொண்டாள். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுமா?

வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. ஹெய்னர். கிரெட்டலின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். குழுவில் எல்லாரோடும் பேசுகிற ஒரே கீழ்ப்பக்கத்தான்.

"சினியாக்கா, பக்கம் பிரமாதம்."

"அப்பா, ஒருத்தனாவது சொன்னியே. நல்லா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். நம்ம தெரு காலி மனையோட முடிஞ்சிடுதா? நாங்கல்லாம் ஆத்துக்குள்ளயா குடியிருந்தோம்?"

"என்னடா உளர்றே? இருபத்திரண்டு வீடு இருக்கு. ஒவ்வொண்ணா அலைஞ்சு படம் வாங்கிப் போட்டிருக்கேன்!"

"எங்க போட்டே?"

"கீழ தள்ளிப் பாரு."

"தள்ளினேனே. உன் வீடு வந்துச்சு. அப்புறம் வெள்ளை."

"அது காலி மனைடா! இன்னும் தள்ளு."

"வெள்ளையா இருந்தா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்க்கா. முடிஞ்சதை யாராவது தள்ளுவாங்களா?"

"ஹெய்னர், என் பொறுமையைச் சோதிக்காதே. தள்ளு."

அவன் தள்ளினான். வேனில் ஏதோ பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது.

"அம்மா" என்றான். குரல் மாறிவிட்டது. "வாசல்ல நிக்குது எங்க அம்மா. அந்தப் பூப்போட்ட ஏப்ரன். இந்தப் படம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"எங்க வீட்டு ஆல்பத்துல இருந்துச்சு. எங்க அண்ணன் பையன் ஞானஸ்நானத்தன்னிக்கு எடுத்தது."

"இதை யாருமே பாக்கலைக்கா. எங்க பக்கத்து ஆளுங்க மொத்தமும் வெள்ளையைப் பாத்துட்டு மூடிட்டாங்க. 'மேல்பக்கத்தார் விருந்து, அவங்களே தின்னட்டும்'னு பேசிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் வரப்போறதில்ல."

"கிரெட்டல்?"

"எங்க அக்காதான் முதல்ல சொன்னா."

"என்ன சொன்னா?"

"விடுக்கா."

"சொல்லித் தொலைடா."

"'சினியா காலி மனை வரைக்கும்தான் வருவா, அதுக்கு மேல அவளுக்குக் கால் வராது'ன்னா."

"நானா?" சினியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "காய்ச்சல் விட்டும் விடாம, மழையில, பாயசத்தைத் தூக்கிக்கிட்டு மொராவியா முழுக்க அலைஞ்சவ நான். தப்பு விலாசம் கொடுத்துட்டு இப்ப எனக்குக் கால் வராதாம்!"

"தப்பு விலாசமா?" ஹெய்னரின் குரல் தணிந்தது. "நான் உன்னைப் பார்த்தேன்க்கா."

"எப்ப?"

"ஒன்பதாம் நாள். வர்றவங்களுக்குக் குடை பிடிக்க என்னை முக்குல நிறுத்தியிருந்தாங்க. உன் வெள்ளை டாட்சன் வந்துச்சு. மதில் பாதியில நின்னுச்சு. கையை ஆட்டினேன், கத்தினேன். மழையில உனக்குக் கேக்கல. வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே. உள்ள போய் அக்காகிட்ட அப்படியே சொல்லிட்டேன். சொல்லாம இருந்திருக்கலாம். 'இடத்தைப் பாத்ததும் மேல்பக்கத்தாளுக்குப் பிடிக்கல போல'ன்னு அன்னிக்கே அக்கா சொல்லிட்டா."

சினியா மறுபடி உட்கார்ந்தாள். "முந்நூறு மீட்டர் முடிஞ்சு போச்சுடா. நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். வண்டி மீட்டர்ல நூறு நூறா சரியா மூணு விழுந்துச்சு. அந்த இடத்துல மதிலைத் தவிர ஒண்ணுமே இல்ல."

"மீட்டர் பாத்தா வந்தே?"

"அப்ப நில அளவை ஆபீஸ்ல இருந்தேன்ல..."

"அக்கா, முந்நூறு மீட்டர்னா மூணு முக்கு! மூணாவது முக்கு தோட்டம் முடியற இடத்துல. அந்த மதில் மட்டுமே நானூறு, ஐந்நூறு இருக்கும். இது எங்க வேன்ல வர்ற பொடிசுங்களுக்குக்கூடத் தெரியுமே!" அவன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியாமல், இருமி இருமிச் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு தானாகவே நின்றது. "இருபத்து மூணு வருஷம்க்கா" என்றான்.

சினியா போனை வைத்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அவளுக்கு மீட்டர் பைத்தியம் பிடித்திருந்தது உண்மை. அலுவலகத்தில் ஒரு மீட்டர் பிசகினால் வரைபடத்தைக் கிழித்துப்போடுவார்கள். ஊரெல்லாம் நூறு மீட்டரை ஒரு முக்காக்கி வைத்திருக்கிறதே என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேலி பேசுவாள். அவளுக்கு மட்டும்தான் உண்மையான மீட்டர் தெரியும் என்ற திமிர். அந்தத் திமிரோடு போய், ஒரு மதிலைப் பார்த்ததும் தெரு முடிந்துவிட்டது என்று தீர்மானித்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் குடையோடு ஹெய்னர் நின்றிருப்பான். நினைக்க நினைக்க ஆற்றாமை தாங்கவில்லை. வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, இழுப்பறையைத் திறந்தாள். பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காகச் சின்னதும் பெரியதுமாக ஆறு போன் வைத்திருந்தாள். வரிசையாக மேஜையில் அடுக்கி, ஆறிலும் பக்கத்தைத் திறந்தாள். காலி மனைக்கு வந்ததும் ஆறு திரையும் வெள்ளை. ஒரு வரி இல்லை, ஒரு கூரை நுனி இல்லை. சுண்ணாம்பு அடித்த மதில் மாதிரி மேலிருந்து கீழ் வரை வெள்ளை.

இதே ஆறு போனிலும் முந்தின வாரம் அவள் பார்த்துத்தான் இருந்தாள். அப்போது இது கண்ணில் படவில்லை. அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால் கட்டைவிரல் தானாகவே தள்ளிக்கொண்டு போய்விட்டது. பெரிய திரையில் பாதியாக இருந்த எழுநூறு பிக்சல், போனில் முழுத் திரையையும் விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. இருபது வருஷமாக மற்றவர்களைத் திட்டுகிற அதே தப்பு. வேறு யாராவது செய்திருந்தால் அவளே ஏளனம் செய்து கொன்றிருப்பாள்.

முதலில் கோபத்தில் இடைவெளியையே எடுத்துவிட்டாள். அவள் வீடும் கிரெட்டல் வீடும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. பார்க்கச் சகிக்கவில்லை. கத்திக் கூப்பிட வேண்டாத தூரத்தில் அவர்கள் ஒரு நாளும் இருந்ததில்லை. இருநூறு பிக்சல் விட்டுப் பார்த்தாள். போனில் சரியாக இருந்தது. பெரிய திரையில் காலி மனை ஒரு சந்து மாதிரி ஆகிவிட்டது. அதில் எப்படிப் பந்து விளையாடுவது?

பிறகுதான், ஓரங்களுக்கு எப்போதும் செய்கிறதை இதற்கும் செய்தாள். இத்தனை பிக்சல் என்று சொல்வதை விட்டுவிட்டு, பார்க்கிறவரின் திரை எவ்வளவு உயரமோ அதில் பாதி என்று எழுதினாள். எவ்வளவு சின்னத் திரையானாலும் இருநூறுக்குக் கீழே போகக் கூடாது, எவ்வளவு பெரிதானாலும் எழுநூறுக்கு மேலே போகக் கூடாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். முக்கு எவ்வளவோ, நூறு மீட்டர் அவ்வளவு. அவரவர் கையில் இருக்கிற திரைக்கு அவரவர் காலி மனை.

ஆறு போனிலும் மறுபடி பார்த்தாள். மேலே அவள் வீட்டுப் பச்சை கேட். நடுவில் வெள்ளை. அடியில், ஆறிலுமே, கிரெட்டல் வீட்டுத் தகரக் கூரையின் நுனி எட்டிப் பார்த்தது. காற்றில் பறக்காமல் இருக்க டோனா ஃப்ளோரி அந்தக் கூரையின் மேல் ஒரு பழைய டயரைத் தூக்கிப் போட்டு வைத்திருப்பாள். அந்த டயரும் தெரிந்தது.

குழுவில் மறுபடி லிங்க்கைப் போட்டு, "தெரு காலி மனையோட முடியல. தப்பு பண்ணினது நான். கீழ்ப்பக்கத்தாரே, கீழ தள்ளி உங்க வீட்டுக்கு வந்து திட்டிட்டுப் போங்க" என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் கீழ்ப்பக்கம் கிளம்பிவிட்டது. திட்டுதான் முதலில் வந்தது, ஒரு சிலது கொஞ்சம் காரமாகவே. "இருபத்து நாலு வருஷத்துக்கு அப்புறமும் எங்களை ஆத்துல தள்ளப் பாத்தே!" பிறகு கண்ணீர், பிறகு ஞாயிற்றுக்கிழமை யார் என்ன பண்டம் கொண்டு வருவது என்ற தகராறு. கிரெட்டல் ஒன்றும் எழுதவில்லை.

சினியா ஹெய்னரிடம் கிரெட்டலின் நம்பரை வாங்கினாள். குரலில் பேசி அனுப்பலாம் என்று மூன்று தடவை பேசினாள், மூன்றையும் அழித்தாள். கடைசியில் எழுதினாள்: "முந்நூறு மீட்டரை வண்டி மீட்டர்ல பாத்தேன்டீ. மதிலைப் பாத்ததும் அதோட முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுத் திரும்பிட்டேன். உன் வீடு அதுக்கு அப்பால இருந்துச்சுன்னு இன்னிக்குத்தான் தெரியும். உனக்கு வெள்ளையா தெரிஞ்சுதே, அதுக்கு அப்பாலயும் உன் வீடு இருக்கு. கொஞ்சம் கீழ தள்ளிப் பாரு."

பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க இல்லை. சினியா சமைத்தாள், சாப்பிடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தில் ஒரே ஓரத்தை ஏழு தடவை மாற்றினாள். போன் மணி அடித்தபோதெல்லாம் ஓடினாள், எல்லாம் மண்டபத்து நாற்காலி சமாசாரம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு படம் வந்தது. கிரெட்டலின் போன் திரையை அப்படியே பிடித்த படம். மேலே பச்சை கேட், நடுவில் வெள்ளை, அடியில் டயர் போட்ட கூரை. அதற்குக் கீழே குரல் பதிவு ஒன்று. சினியா அழுத்தினாள்.

"காலி மனை இதைவிடப் பெரிசு." கொஞ்சம் கரகரத்திருந்தாலும் அதே குரல். "கொய்யா மரத்தைக் காணோம். நீ என்ன வெப் பக்கம் பண்றவ?" ஒரு மூச்சு. "எங்க அம்மா ஏப்ரனைப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன், நேத்து பூரா." இன்னொரு மூச்சு, நீளமாக. "அந்தப் பாயசம் என்னாச்சு?"

சினியா பதில் பேசினாள்: "மூணு நாள் நானே தின்னேன். அழுதுக்கிட்டே தின்னேன்."

உடனே வந்தது: "அப்ப எனக்குப் பாக்கி இருக்கு. நாளைக்கு மண்டபத்துல எல்லார் முன்னாடியும் உன்னைப் பாக்க எனக்கு இஷ்டம் இல்ல. இன்னிக்கு வா. அதே வீடுதான். பழைய சினிமாக் கொட்டகையிலேர்ந்து தெற்கே முந்நூறு மீட்டர். வண்டியில வந்தே, கொன்னுடுவேன். நடந்து வா."

பால் கொதித்தது, அரிசி வெந்தது, பட்டை மணம் வீட்டை நிறைத்தது. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மொராவியா பஸ்ஸில் ஏறினாள். பழைய சினிமாக் கொட்டகையில் இப்போது ஒரு மருந்துக் கடை இருந்தது. அங்கே இறங்கித் தெற்கே திரும்பினாள். முதல் முக்கு வந்தது. இரண்டாவது முக்கு வந்தது. மழை மேகம் கட்டியிருந்தது, இன்னும் விழவில்லை.

பிறகு மதில். அதே மதில்தான், பாசி கூடியிருந்தது, உள்ளே காப்பிச் செடிக்குப் பதில் ஏதோ குடியிருப்பு. பாத்திரத்தின் சூடு துண்டைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது. ஒரு இடத்தில் அவள் கால் தானாக நின்றது. டாட்சன் நின்ற இடம் இதுதான் என்று தோன்றியது. முன்னால் பார்த்தாள். மதில்தான் தெரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. இங்கே நின்று பார்த்தால் எவருக்கும் தெரு முடிந்துவிட்டதாகத்தான் தோன்றும். சினியா பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

மதில் போய்க்கொண்டே இருந்தது. அவள் எண்ணவில்லை. வெகுதூரத்தில், அது முடிகிற இடத்தில், முதலில் ஒரு தகரக் கூரையின் நுனி எட்டிப் பார்த்தது. அதன் மேல் ஒரு டயர். அதற்குக் கீழே முக்கில், இடுப்பில் கை வைத்து, நரைத்த தலையோடு, பருத்துப்போன ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயருகே இரண்டு கையையும் குவித்தாள்.

"வர்றியா, நான் வரவா?"

ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வர்றேன்!" என்று சினியா கத்தினாள். "அங்கேயே நில்லு, நான் வர்றேன்!"